மாத்தளை வீதியில் வீடற்றவர்கள்: மறந்துபோன ஒரு தொண்டின் வரலாறு

மாத்தளை மாவட்டத்தின் வரைபடத்தை விரித்தால், கிழக்குக் கோடியில் மகாவலி ஆற்றை ஒட்டி வில்கமுவ என்றொரு பிரதேசம் தென்படும். நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், வஸ்கமுவ வனப் பூங்காவின் அயலில் கிடக்கும் பூமி அது. ஹெட்டிப்பொல அதன் சிறுநகர். மினிப்பே அணைக்கட்டின் இடதுகரைக் கால்வாய் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடி வந்து அங்குள்ள வயல்களை நனைக்கிறது. காணியற்ற விவசாயக் குடும்பங்களை அரசு கொண்டுவந்து குடியேற்றிய நிலம் அது. இன்றும் அங்கே யானைக்கும் மனிதனுக்கும் ஓயாத வழக்கு உண்டு. ஆயினும் வழக்காடுகிறவனுக்குத் தன்னுடையது என்று சொல்ல ஒரு துண்டு நிலம் இருக்கிறது.

அதே மாவட்டத்தின் மேற்கிலும் தெற்கிலும் உள்ள மலைச்சரிவுகளுக்கு வாருங்கள். அங்கே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்பியும் கொக்கோவும் தேயிலையும் றப்பரும் வளர்த்த தமிழ்க் குடும்பங்களுக்குத் தாம் படுத்துறங்கிய லயன் அறையின் மண் கூடச் சொந்தமாக இருக்கவில்லை. ஒரே மாவட்டம், ஒரே அரசு, ஒரே நூற்றாண்டு. கிழக்கே வீடற்றவனுக்கு வீடு கிடைத்தது. மேற்கே வீடிருந்தவன் வீதிக்கு வந்தான். அவ்வாறு வீதிக்கு வந்தவர்களை எதிர்கொண்ட சில கிறிஸ்தவத் தொண்டர்களைப் பற்றியே இங்கு எழுத முனைகிறேன். இதை எழுத எனக்கு ஒரு தனிப்பட்ட காரணமும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

வரலாறு வீதியிலேயே தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் பகுதிகளிலிருந்து புறப்பட்ட மக்கள், தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்தனர். அங்கிருந்து காட்டு வழியே மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை எனக் கால்நடையாக நடந்து மாத்தளையை வந்தடைந்தனர். கொலராவும் மலேரியாவும் பசியும் அவர்களுடன் நடந்தன. நடக்க இயலாதவர்கள் வழியில் விடப்பட்டார்கள். 1849இல் ‘கொழும்பு ஒப்சேர்வர்’ பத்திரிகை, 1841 முதல் இவ்வாறு வந்தோரில் 70,000 பேர் மாண்டிருப்பர் எனக் கணக்கிட்டது. அத்தொகை மிகையா என்று வரலாற்றாசிரியர்கள் பின்னர் வாதிட்டார்கள். வழியோரம் பிணங்கள் கிடந்தன என்பதில் வாதம் இல்லை. அன்று அந்தப் பத்திரிகையை நடத்தியவர் கிறிஸ்தோபர் எலியட் என்ற மருத்துவர். தொழிலால் மருத்துவர், நம்பிக்கையால் பப்டிஸ்த கிறிஸ்தவர். அவருடைய பேனாவையும் இந்தத் தொண்டின் தொடக்கத்தில் ஒன்றாகவே நான் கணக்கில் வைக்கிறேன்.

இங்கே இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்ப்பது நல்லது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் தரிசுகளையும் அரசின் உடைமை எனக் கொண்டது. கண்டிய விவசாயி தன் சேனை நிலத்தை இழந்தான். அந்த நிலம் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1841இல், 4ஆம் இலக்கச் சட்டமாக அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் வந்தது. வெளிப்படையான பிழைப்பு வழி இல்லாமல், உரிமையாளரின் அனுமதியின்றி ஒருவன் திண்ணையிலோ கொட்டகையிலோ வண்டியிலோ தங்கினால் அது குற்றம். முந்திய சட்டம் மனிதனை நிலத்திலிருந்து அகற்றியது. பிந்திய சட்டம் அகன்றவனைக் குற்றவாளி ஆக்கியது. நெப்போலியப் போர்கள் முடிந்து வீதியில் திரிந்த தன் சொந்தப் போர்வீரர்களையே தண்டிக்க 1824இல் இங்கிலாந்து இயற்றிய சட்டம் இதற்கு முன்மாதிரி. அந்த மூலச் சட்டத்தை நீக்க பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாக்களிக்க 2022 வரை ஆயிற்று.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. திண்ணையில் உறங்குவது எக்காலத்திலும் நம் மண்ணில் குற்றமாக இருந்ததில்லை. வழிப்போக்கனுக்காகவே திண்ணை கட்டினோம். சிங்கள ஊர்களில் அம்பலமும் தமிழ் ஊர்களில் மடமும் சத்திரமும் இருந்தன. சென்னையில் 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவில்தான், அங்கு எழுந்த ஸ்டான்லி மருத்துவமனையை மக்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றார்கள். வடலூரில் 1867இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஆகவே கிறிஸ்தவர்கள் வந்துதான் நமக்கு அன்னமிடக் கற்பித்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். அவர்கள் கொண்டுவந்தது வேறொன்று. அது என்ன என்பது அவர்களுக்கே விளங்க நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

ஆரம்பம் வழமையான தர்மம்தான். ஆளுநர் வில்மட் ஹோர்ட்டன் காலத்தில், 1831இல் கொழும்பில் நண்பர் உதவிச் சங்கம் தோன்றியது. வறியோர்க்கு மருந்தும் பிச்சையும் வழங்கிய இந்தச் சங்கம், பிற்காலத்தில் கால் இழந்தோர்க்குச் செயற்கைக் கால் செய்து கொடுக்கும் நிறுவனமாக உயர்ந்தது.

மலைநாட்டில் 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. சர்ச் மிஷனரி சங்கத்தின் ஆதரவில் திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசியார்கள் வந்தனர். காலையில் பெரட்டுக் களத்திலும் மாலையில் லயன்களிலும் அவர்கள் பேசினார்கள், நோயுற்றோரைப் பார்த்தார்கள், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். மலையகத் தமிழ்க் கல்வியின் முதற் படிகளுள் அவர்கள் இட்டவையும் உண்டு.

ஆனால் அவர்களின் சம்பளத்திற்குத் தோட்டத் துரைமாரே சந்தா கட்டினார்கள். துரையின் பணத்தில் வாழும் உபதேசியார், துரையின் லயனைப் பற்றி என்ன பேச முடியும்? பொறுமையைப் போதித்தார், கூலியைப் பற்றிப் பேசவில்லை. கங்காணியின் கடன் கணக்கும் துண்டு முறையும் அவர் கண்முன்னே நடந்தன. அந்தத் தனி மனிதர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. காய்ச்சல் பரவிய லயனுக்குள் துணிந்து நுழைந்தவர்கள் அவர்கள். எனினும், வீடற்றவனுக்குக் கஞ்சி கொடுப்பது ஒன்று. அவனை வீடற்றவனாக்கியது யார் என்று கேட்பது வேறொன்று. அந்த இரண்டாவது கேள்வி மிஷன் அறிக்கைகளுக்கு வெளியே நின்றது.

இருபதாம் நூற்றாண்டில் கண்டிய விவசாயியின் காணிப் பசி அரசியல் கேள்வியாயிற்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் முடிக்குரிய நிலத்தைக் காணியற்றோர்க்குப் பகிர வழி செய்தது. மினிப்பே போன்ற குடியேற்றத் திட்டங்கள் அந்த வழியில் வந்தவை. வில்கமுவவின் வயல்களும் அந்தக் கதையின் தொடர்ச்சியே. 1840இல் பறித்த நிலத்திற்கு ஈடாக, நூறாண்டு கழித்து உலர் வலயத்தில் ஒரு துண்டு நிலம். அது நியாயமான செயல். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தப் பங்கீட்டில் இந்தியத் தமிழருக்கு இடம் வைக்கப்படவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த விலக்கை முழுமையாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களை எண்களாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்க்கப்படுவர் என்றது. அந்த எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக் கொண்டன. சம்பந்தப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை.

பின்பு 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியார் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கலாகாது. நெற்காணியாயின் 25 ஏக்கர். கம்பனித் தோட்டங்கள் 1975இல்தான் அரசுடைமை ஆயின. முதலில் அடி விழுந்தது கண்டி, மாத்தளை, கேகாலைப் பகுதிகளில் உள்ளூர் உரிமையாளர்களிடம் இருந்த நடுத்தரத் தோட்டங்களுக்கே. தோட்டம் துண்டாடப்பட்டது, வேலை குறைந்தது, பல இடங்களில் தொழிலாளர் விரட்டப்பட்டனர். அதே வேளையில் உலக உணவு நெருக்கடியும் வந்தது. அரிசியும் மாவும் எட்டாப் பொருளாயின. கிராமத்தவனுக்கு வீட்டுக் கொல்லையில் ஒரு மரவள்ளிக் கிழங்காவது இருந்தது. லயன் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டப் பகுதிகளில் சாவு பெருகியது. எஞ்சியவர்கள் மூட்டையுடன் நகரங்களுக்கு இறங்கினார்கள். கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளை பஸ் நிலையங்களிலும் கடை விறாந்தைகளிலும் படுத்தார்கள்.

இனி என் சொந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

1974இல் நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். மாத்தளைக்குச் சென்றிருந்த ஒரு நாள், பஸ் நிலையத்தில் இருபது, முப்பது பேர் படுத்திருக்கக் கண்டேன். பெண்களும் பிள்ளைகளுமாக இருந்தார்கள். அன்று மாலை நாலு வரிச் செய்தி ஒன்று எழுதி அனுப்பினேன். ‘மாத்தளை நகரில் பிச்சைக்காரர் தொல்லை, பயணிகள் அவதி’ என்பது அதன் தலைப்பு. மறுநாள் அது அச்சில் வந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

சில வாரங்கள் கழித்துக் கண்டியில் ஒரு கன்னியாஸ்திரியைச் சந்தித்தேன். அவர் அந்தச் செய்தியை வெட்டி வைத்திருந்தார். கோபப்படவில்லை. “தம்பி, அவர்களில் ஒருவருடைய பெயரையாவது கேட்டீர்களா?” என்றார். கேட்கவில்லை. “எந்தத் தோட்டம் என்றாவது?” அதுவும் இல்லை. அவர் ஒரு கொப்பியை என் முன் வைத்தார். பெயர், வயது, தோட்டம், எத்தனை வருட வேலை, எப்போது வேலை நின்றது, எந்த நாட்டுக்கு மனுச் செய்தார்கள், பிள்ளைகள் எத்தனை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. பஸ் நிலையத்தில் அமர்ந்து கேட்டு எழுதியவை. என் நாலு வரியில் ‘தொல்லை’யாக இருந்தவர்கள் அந்தக் கொப்பியில் தொழிலாளர்களாக, தாய் தகப்பன்மாராக இருந்தார்கள். ஐம்பது ஆண்டுகளாக எத்தனையோ எழுதிவிட்டேன். அந்த நாலு வரியை இன்னும் மறக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் இத்தகைய தொண்டின் போக்கையே மாற்றியவர்களுள் ஒருவர் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ். 1925இல் பிறந்து 2017இல் மறைந்த இயேசு சபைக் குருவானவர், ஒக்ஸ்போர்டில் பயின்றவர். 1972இல் கண்டியில் ‘சத்தியோதய’ நிலையத்தை நிறுவினார். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துவும் கிறிஸ்தவரும் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்து பணியாற்ற வேண்டும் என்பது அதன் அடிப்படை. மதம் மாற்றுவது அதன் நோக்கமன்று. தோட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து ஆவணப்படுத்துவது, இளைஞர்களைத் தோட்டங்களுக்கு அனுப்புவது, இரு மொழியாரையும் சந்திக்க வைப்பது ஆகியவையே அதன் பணிகள். 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் கண்டியில் உருவாயிற்று. ‘குரலற்றோரின் குரல்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் அது வெளியிட்ட ஏடுகள், இன்றும் அக்கால வரலாற்றை எழுதுவோர்க்கு மூலங்களாகும். 1979இல் தோன்றிய இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்திலும் தந்தை கஸ்பர்ஸ் முன்னின்றார்.

அவர் தனியாளாக நிற்கவில்லை. ஜோன் குரே என்ற பெயருடைய சிங்கள அங்கிலிக்கன் குருவானவர், யோகான் தேவானந்த என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1957இல் குருணாகல் மாவட்டத்து இப்பாகமுவையில் ‘தேவசரண’ ஆச்சிரமத்தை அமைத்திருந்தார். காணியற்ற சிங்கள விவசாயிகளோடு வாழ்ந்தவர், தோட்டத் தமிழருக்காகவும் பேசினார். சிங்கள விவசாயியின் காணிப் பசியும் தமிழ்த் தொழிலாளியின் வீடின்மையும் 1840இல் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதை இவர்கள் கண்டுகொண்டார்கள். தமிழ்க் கூலி மிஷன் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்டவர்கள் இவர்களே.

இன்னொருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். சொலமன் அருளானந்தம் டேவிட், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த கட்டடக் கலைஞர். மருத்துவர் இராஜசுந்தரத்துடன் சேர்ந்து 1976இல் காந்தியம் இயக்கத்தைத் தொடங்கினார். அது கிறிஸ்தவ அமைப்பன்று. பெயரே அதைச் சொல்லும். பசியாலும் 1977ஆம் ஆண்டு வன்செயலாலும் மலைநாட்டிலிருந்து வவுனியாப் பகுதிக்கு ஓடிவந்த குடும்பங்களுக்கு நிலமும் கிணறும் பாலர் பாடசாலையும் அமைத்துக் கொடுத்தார்கள். வில்கமுவவில் அரசு செய்ததை இங்கே தொண்டர்கள் செய்தார்கள். அதற்குக் கிடைத்த பரிசு சிறை. இருவரும் 1983இல் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட் நெடுங்காலம் சென்னையில் வாழ்ந்து, 2015இல் கிளிநொச்சியில் காலமானார்.

இந்தக் கதை இலங்கையோடு முடியவில்லை. புலம்பெயர்ந்த வாசகர்கள் தம் நகரங்களில் தேவாலயங்களை அண்டிய ‘பகல் நிலையங்களை’ப் பார்த்திருப்பார்கள். 1888இல் இரட்சணிய சேனை இலண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் உணவும் உறைவிடமும் தரும் நிலையத்தைத் திறந்தது. ஆனால் இரவு விடுதி காலையில் கதவை அடைத்துவிடும். பகல் முழுவதும் வீடற்றவன் எங்கே போவான்? எங்கே குளிப்பான்? வேலைக்கு மனுப்போட எந்த முகவரியை எழுதுவான்? அந்தப் பகற்பொழுதுக்காகத் திறந்தவையே பகல் நிலையங்கள். கர்தினால் பேசில் ஹியூம், பிறரன்புப் புதல்வியர் சபைச் சகோதரிகளுடன் சேர்ந்து 1980இல் வெஸ்ட்மின்ஸ்டரில் ‘பாசேஜ்’ நிலையத்தைத் தொடங்கினார். இத்தகைய இடங்களில் சூப்பும் ரொட்டியும் கிடைக்கும். துணி துவைக்கலாம். வைத்தியரைக் காணலாம். அதைவிடப் பெரிதாக, கடிதம் வந்து சேர ஒரு முகவரி கிடைக்கும்.

அதே 1980 நவம்பரில், இயேசு சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே அகதிகளுக்கான ஒரு சேவையை நிறுவினார். கடலில் தத்தளித்த வியட்நாமியரைக் கண்டு அவர் தொடங்கிய அந்தப் பணி, 1990 முதல் தமிழ்நாட்டில் ஈழத்து ஏதிலியர் முகாம்களுக்கும் வந்தது. இலண்டன் வாப்பிங்கில் அதன் பிரிட்டிஷ் கிளை, தஞ்சம் மறுக்கப்பட்டு வேலை செய்யவும் உரிமையின்றி நிற்பவர்களுக்குப் பகல் நிலையம் நடத்தி வந்திருக்கிறது. காகிதத்தால் வீடற்றவர்களாக்கப்பட்டவர்கள் அவர்கள். 1964இன் பட்டியலில் எண்ணாகிப்போன மாத்தளைத் தொழிலாளியை நினைவில் வைத்திருப்பவர்க்கு இந்த வரிசை புதிதன்று.

விமர்சனங்களையும் சொல்லியாக வேண்டும். சோற்றைக் காட்டி மதம் மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டு பழையது. சில காலங்களில், சில இடங்களில் அது உண்மையும் கூட. பசித்தவனிடம் ஜெபத்தைப் பேரம் பேசுவது அவர்களுடைய வேதத்திற்கே விரோதம். மத்தேயுவின் 25ஆம் அதிகாரம், அந்நியனை ஏற்றுக்கொண்டாயா என்றுதான் விசாரிக்கிறது; அவன் எந்த மதத்தவன் என்று விசாரிக்கவில்லை. இன்னொரு விமர்சனம் இடதுசாரி நண்பர்களுடையது. தர்மம் அநீதியின் ஆயுளை நீட்டுகிறது என்பார்கள். கேள்வி கேட்காத தர்மத்திற்கு அது பொருந்தும். கஞ்சி ஊற்றிய கையே கொப்பியைத் திறந்து பெயரும் காரணமும் எழுதிக்கொண்டபோது, அந்த விமர்சனத்திற்குப் பதில் கிடைத்துவிட்டது என்பது என் எண்ணம்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. காகிதம் கிடைத்தது. காணி எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது, லயன்களை இழந்தவர்களை எந்த நிலத்தில் மீண்டும் குடியமர்த்துவது என்ற பழைய கேள்வி மறுபடி எழுந்தது. மண் சரிந்தால் எவருக்கும் துன்பம்தான். அந்த மண்ணின் உறுதிப் பத்திரம் தன் கையில் இல்லாதவனுக்குத் துன்பம் இரட்டிப்பு.

மினிப்பேக் கால்வாயின் நீர் வில்கமுவவின் வயலுக்குப் பாய்வதை நினைக்கும்போதெல்லாம், நிலமற்றவனுக்கு நிலம் கொடுப்பது இந்த நாட்டால் இயலாத காரியம் அன்று என்பதும் நினைவுக்கு வருகிறது. விரும்பியவர்களுக்குச் செய்தோம். மற்றவர்களுக்குப் பஸ் நிலையத்தை விட்டோம். அங்கே சிலர் போய் அவர்களருகில் அமர்ந்து பெயரைக் கேட்டார்கள். நான் கேட்காமல் நாலு வரி எழுதினேன். அந்தக் கன்னியாஸ்திரி இன்று இல்லை. அவருடைய கொப்பி எங்கே போயிற்றோ! அதன் முதற் பக்கத்தில் இருந்த முதல் பெயர் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. அதை இங்கு எழுதப் போவதில்லை. அந்த அம்மாள் என்னிடம் பெயர் சொன்னவர் அல்லர், கேட்டவரிடம் சொன்னவர்.